இரண்டு சிக்மா: புளூமின் கட்டுரை பற்றி ஒரு மதிப்பீடு

சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் தோட்டப் பள்ளியின் நூலக அறையில் மூன்று இளம் ஆசிரியர்கள் வந்து அமர்வது வழக்கம். மூவரும் வார நாட்களில் வகுப்பு நடத்திக்கொண்டே பகுதி நேரமாகக் கல்வித்துறைப் பட்டத்துக்குப் படிப்பவர்கள். கல்வி உளவியல், புள்ளியியல், ஆய்வுக் கட்டுரை எழுதும் முறை ஆகிய மூன்றும் அவர்களை மிரட்டிக்கொண்டிருந்தன. துணை கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் பேராசிரியன் அல்லேன். பயிற்சிக் கல்லூரியில் படித்த உளவியலும், பின்னாளில் இரவல் நூல்களோடு மல்லுக்கட்டிக் கற்ற புள்ளியியலுமே என் கைமுதல். ஆயினும் தலைமையாசிரியன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று இளையோர் நம்பும்போது அந்த நம்பிக்கையை உடைக்க மனம் வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் மூவருள் ஒருவர் தம் ஆய்வேட்டின் முதல் அதிகாரத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் கற்பித்தால் அடைவுநிலை இரண்டு சிக்மா உயரும் என்று புளூம் நிறுவியுள்ளார்; எனவே சராசரி மாணவனும் 98 விழுக்காடு பெறுவான்." புளூமின் கட்டுரையைப் படித்தீர்களா என்று கேட்டேன். படிக்கவில்லை. ஒரு பட்டறையில் திரையில் காட்டினார்கள், அதை எழுதி வைத்துக்கொண்டேன் என்றார். "98 மார்க் என்றுதானே ஐயா பொருள்?" என்று மற்றொருவர் கேட்டார்.

அன்று தொடங்கி ஐந்து சனிக்கிழமைகள் அக்கட்டுரையை வரி வரியாகப் படித்தோம். அவ்வாறு படித்தபின் எனக்குத் தோன்றிய கருத்துகளையே ஆசிரிய அன்பர்கள் முன் வைக்கிறேன். புளூம் நம்மவர்க்குப் புதியவர் அல்லர். 1956இல் வெளிவந்த அவருடைய கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை மனப்பாடம் செய்யாமல் நம்மில் எவரும் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியேறியதில்லை. அறிதல், புரிதல், செயற்படுத்துதல் என்று படிப்படியாக வினாக்களை அமைக்கச் சொன்ன அதே புளூம்தான் 1984இல் 'எஜுகேஷனல் ரிசர்ச்சர்' என்னும் அமெரிக்க இதழில் 13 பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இரண்டு சிக்மாச் சிக்கல்: தனிப்போதனைக்கு ஈடான பயன் தரும் குழுப்போதனை முறைகளைத் தேடுதல்' என்றாகும்.

தலைப்பின் பிற்பகுதியை வாசகர்கள் மறுமுறை படிக்க வேண்டுகிறேன். புளூம் தேடியது குழுப்போதனை முறை. ஆளுக்கோர் ஆசிரியர் என்பது பெரும்பாலான சமுதாயங்களால் தாங்க முடியாத செலவு என்பதை அவரே சொல்லிவிடுகிறார். தனிப்போதனை அவருக்கு ஓர் அளவுகோல் மட்டுமே. இருபது முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர் அந்த அளவை எட்டுவது எப்படி என்பதே அவர் கேள்வி. கட்டுரையை எடுத்தாள்வோரில் மிகப் பலர் தலைப்பின் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள். வகுப்பாசிரியரின் பொருட்டு எழுதப்பட்ட கட்டுரை, வகுப்பாசிரியரால் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்றாகிப் போனது இப்படித்தான்.

கட்டுரையின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் புளூமின் மாணவர்களாக இருந்த ஜோவன் அனானியா, ஆர்தர் பர்க் என்னும் இருவரின் முனைவர் பட்ட ஆய்வுகளே அதன் அடித்தளம். நான்காம், ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவில் ஏறத்தாழ 30 பேருக்கு ஓர் ஆசிரியர்; வழக்கமான வகுப்பு; சோதனைகள் மதிப்பெண் இடுவதற்கு மட்டுமே. இரண்டாவதும் 30 பேர் கொண்ட வகுப்புத்தான். ஆனால் அங்கே இடைச்சோதனை வைத்து, எங்கே பிழைத்தார்கள் என்று கண்டு, குறைநீக்கல் நடத்தி, அதற்கு இணையான மற்றொரு சோதனையும் வைத்தார்கள். இதையே முழுத்தேர்ச்சி முறை என்பர். மூன்றாவது தனிப்போதனை. ஒரு பிள்ளைக்கோ, இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்தோ ஓர் ஆசிரியர். (என்னுடைய சனிக்கிழமைக் குழுவும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) கற்பித்த பாடங்கள் இரண்டு: நிகழ்தகவு, நிலப்படம் வரைதல். கால அளவு மூன்று வாரம், 11 பாடவேளை.

முடிவு என்ன? முழுத்தேர்ச்சி வகுப்பின் சராசரி மாணவன் வழக்கமான வகுப்பின் சராசரி மாணவனைவிட ஒரு சிக்மா உயர்ந்திருந்தான். தனிப்போதனை பெற்றவன் இரண்டு சிக்மா உயர்ந்திருந்தான். வழக்கமான வகுப்பில் உச்சியில் நின்ற 20 விழுக்காட்டினர் மட்டுமே எட்டிய தேர்ச்சியை, முழுத்தேர்ச்சி வகுப்பில் 70 விழுக்காட்டினரும் தனிப்போதனையில் 90 விழுக்காட்டினரும் எட்டினார்கள்.

இனி அந்தச் சிக்மாவுக்கு வருவோம். புள்ளியியலில் திட்டவிலக்கம் என்று நாம் சொல்வதைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அது. பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு. என் இளம் நண்பர்களுக்குச் சூத்திரம் தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை. கணினியில் எண்களை இட்டால் விடை வந்துவிடுகிறது என்பதே காரணம். ஆகவே கணினியை மூடச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஐந்து பிள்ளைகளின் மதிப்பெண்களை எழுதினேன்: 40, 45, 50, 55, 60. சராசரி 50. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகியிருப்பது 10, 5, 0, 5, 10. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 250. ஐந்தால் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7. இந்த வகுப்பின் திட்டவிலக்கம் 7 மதிப்பெண்.

இப்போது ஒரு பிள்ளை 10 மதிப்பெண் கூடுதலாக எடுக்கிறான் என்று கொள்வோம். இந்த வகுப்பில் அது ஏறத்தாழ 1.4 சிக்மா. திட்டவிலக்கம் 20 ஆக உள்ள வேறொரு வகுப்பில் அதே 10 மதிப்பெண் 0.5 சிக்மாதான். உயர்ந்தது ஒரே அளவு. அளந்த கோல் வேறு. "அப்படியானால் பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுக்கும் சோதனையை வைத்தால் என் முறை பெரிய பயன் தந்ததுபோல் காட்டிவிடலாமே!" என்றார் ஒருவர். ஆம், காட்டலாம். இதைக் கண்டுகொண்ட அன்றைக்கே அவர் புள்ளியியலில் பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்று எண்ணினேன்.

98 என்பதும் மதிப்பெண் அன்று. மதிப்பெண்கள் மணியின் வடிவில் இயல்பாகப் பரவியிருக்குமாயின், சராசரிக்கு மேல் இரண்டு சிக்மா தொலைவில் நிற்பவன் 100 பேரில் ஏறத்தாழ 98 பேருக்கு மேலே நிற்பான். அது வரிசையில் அவன் நிற்கும் இடத்தைக் குறிக்கிறது. விடைத்தாளில் வாங்கிய எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. சராசரி 50, திட்டவிலக்கம் 10 என்றால், இரண்டு சிக்மா உயர்ந்தவன் எடுத்தது 70 மதிப்பெண். 98க்கும் 70க்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்துப் பெற்றோர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அதன் கனம் புரியும். 98 கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கியாவது டியூஷனுக்கு அனுப்புகிறவர் அவர்.

கட்டுரையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, எவரும் எடுத்துக்காட்டாத வேறொரு மூன்றெண் வரிசை. பிள்ளைகளுக்கு முன்னரே இருந்த இயல்திறனுக்கும் பாட முடிவில் பெற்ற தேர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவைப் புளூம் தருகிறார். வழக்கமான வகுப்பில் அது 0.60. முழுத்தேர்ச்சி வகுப்பில் 0.35. தனிப்போதனையில் 0.25. அதாவது, வழக்கமான வகுப்பில் யார் கெட்டிக்காரனாக உள்ளே வந்தானோ அவனே கெட்டிக்காரனாக வெளியே போகிறான். கற்பிக்கும் முறை சீர்ப்பட்டால் இந்த இணைப்புத் தளர்கிறது. 'இந்தப் பையனுக்கு மண்டையில் ஏறாது' என்று ஆசிரியர் அறையில் நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஏறாததற்கு மண்டை எவ்வளவு காரணம், ஏற்றும் முறை எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க முயன்ற எண்கள் இவை. கட்டுரையின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் துடிக்கிறது என்பது என் கருத்து.

அதற்கு அடுத்துச் சொல்லத்தக்கது, பாடவேளையில் பிள்ளையின் கவனம் பாடத்தில் இருந்த நேரம். வழக்கமான வகுப்பில் 65 விழுக்காடு, முழுத்தேர்ச்சி வகுப்பில் 75, தனிப்போதனையில் 90க்கு மேல். உளவியல் நூல்கள் ஊக்கம், வலுவூட்டல் என்று பெரிய பெரிய சொற்களால் விளக்குவதை இந்த எண்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. எதிரே ஒருவர் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சன்னலுக்கு வெளியே நாம் எப்படிப் பார்ப்பது? புளூம் இன்னொன்றும் கூறுகிறார். வகுப்பில் முன்னணியில் உள்ள மூன்றில் ஒரு பங்கினர் அல்லது நான்கில் ஒரு பங்கினர் ஆசிரியரின் கவனத்தை மிகுதியாகப் பெறுகின்றனர். கடைசியில் உள்ளோர்க்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. ஆசிரியர்கள் தாங்கள் இவ்வாறு நடப்பதை அறிவதே இல்லை. இதைப் படித்த மறுநாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நானே ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். ஒன்பது பிள்ளைகள். அரைமணி நேரத்தில் கேட்ட 22 கேள்விகளில் 15 மூன்று பிள்ளைகளுக்கே போயிருந்தன. ஒருத்தியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிறிய வகுப்பாதலால் தனிப்போதனைக்கு நிகராக நடத்துகிறேன் என்று அதுவரை எண்ணியிருந்தவன் நான்.

நிற்க. இவ்வளவு நல்லதைச் சொன்ன கட்டுரையில் குறைகள் இல்லையா? உண்டு. அவை சிறியனவும் அல்ல.

முதற்குறை, எதை எதனோடு ஒப்பிட்டார் என்பதில் உள்ளது. தனிப்போதனைப் பிரிவினருக்குத் தனி ஆசிரியர் மட்டும் கிடைக்கவில்லை. இடைச்சோதனை, குறைநீக்கல், மறுசோதனை ஆகியனவும் சேர்ந்தே கிடைத்தன. வழக்கமான வகுப்புக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. குறைநீக்கலுக்குச் செலவான நேரமும் கூடுதல் நேரமே. ஆகவே இரண்டு சிக்மா முழுவதையும் 'தனியே உட்காருவதன்' கணக்கில் எழுத முடியாது. புளூமின் சொந்த எண்களின்படியே, சோதித்துத் திருத்துவதன் கணக்கில் ஒரு சிக்மா போய்விடுகிறது. எஞ்சியதே தனி ஆசிரியருக்கு உரியது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2011இல் குர்ட் வான்லேன் என்னும் ஆய்வாளர் சுட்டிக்காட்டியபடி, முழுத்தேர்ச்சி வகுப்பில் அடுத்த பாடத்துக்குப் போக 80 விழுக்காடு போதும் என்றும், தனிப்போதனையில் 90 விழுக்காடு வேண்டும் என்றும் வரம்பு வைத்திருந்தார்கள். ஓட்டப்பந்தயத்தில் ஒருவனுக்கு மட்டும் கூடுதல் பயிற்சி கொடுத்துவிட்டு அவன் காலணியைப் புகழ்வது போன்றதே இது.

இரண்டாவது குறை, பாடமும் காலமும் பற்றியது. நிகழ்தகவும் நிலப்படம் வரைதலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிதும் புதியவை. புதிய, குறுகிய பாடத்தை மூன்று வாரம் கற்பித்து, கற்பித்ததை ஒட்டியே அமைந்த சோதனையை உடனே வைத்தால் பயன் பெரிதாகத் தெரிவது இயல்பு. ஆறாண்டுகளாகச் சேர்ந்த வாசிப்புக் குறையையோ, பின்னத்தில் விழுந்த ஓட்டையையோ அடைக்கும் வேலை அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு 11 பாடவேளையில் இரண்டு சிக்மா உயர்வு தருவேன் என்று எவரேனும் சொன்னால், அவரை ஒரு வாரம் என் பள்ளிக்கு அழைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

மூன்றாவது, அக்கட்டுரையிலேயே அமைந்த முரண். புளூம் வேறு பல ஆய்வுகளின் விளைவுகளை ஓர் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறார். உச்சியில் தனிப்போதனை, 2.00. கீழே இறங்கிப் பார்த்தால், மாணவர்க்கு மாணவரே கற்பிக்கும் முறைக்கு 0.40 என்றிருக்கிறது. ஆசிரியர் மாறினால் குறையத்தான் செய்யும், உண்மையே. ஆனால் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் அளவுக்கு அவ்விரண்டுக்கும் இடையே இருப்பது என்ன என்பதைக் கட்டுரை ஆழ்ந்து ஆராயவில்லை. தவிர, வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு வயதினரிடம், வெவ்வேறு சோதனைகளால் அளந்த எண்களை ஒரே பத்தியில் அடுக்கினால் சந்தைக்கடை விலைப்பட்டியல்போல் ஆகிவிடுகிறது. நான் முன்னே எழுதிய 7ஐயும் 20ஐயும் நினைவுகூர்ந்தால் அதன் ஆபத்து விளங்கும். ஆயினும் அந்த அட்டவணையில் ஒரு வரியை மட்டும் நம் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு மட்டும் விட்டால் 0.30, கொடுத்ததைத் திருத்தி மதிப்பிட்டால் 0.80. சிவப்பு மையின் மதிப்பு அவ்வளவு!

புளூமுக்கு முன்னும் பின்னும் வந்தோர் கண்டதென்ன? 1982இல் கோஹனும் கூலிக் இணையரும் தனிப்போதனை பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தேர்வு அடைவில் அவர்கள் கண்ட சராசரிப் பயன் 0.40. வான்லேன் 2011இல் தேர்ந்த ஆசிரியரின் தனிப்போதனைக்குக் கண்டது 0.79. 2020இல் நிக்கோ, ஓரியோபோலஸ், குவான் என்னும் மூவர், குலுக்கல் முறையில் நடந்த 96 சோதனைகளைத் தொகுத்துக் கண்டது 0.37. இதைச் சிறிது என்று தள்ளக் கூடாது. வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை 100 பேரில் ஏறத்தாழ 64 பேருக்கு மேலே வருகிறான் என்பதே அதன் பொருள். பள்ளி வாழ்க்கையில் இத்தகைய பயன் தரும் முறைகள் அரியவை. ஆனால் இது இரண்டு சிக்மா அன்று. 1984க்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளில் நான் படித்தவை எவையும் சராசரியில் அந்த இரண்டை எட்டவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் புளூமைப் பொய்யர் என்று தூற்றுவது தவறு. தம் மாணவரின் ஆய்வுகள் தந்த எண்களைத்தான் அவர் தந்தார். எத்தனை வாரம், எந்தப் பாடம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தின் மேல் எனக்குள்ள குறை வேறு. ஒரு கட்டுரைக்கு மறக்க முடியாத பெயரைச் சூட்டினால் பெயர் மட்டும் ஊர் ஊராகப் போகும், கட்டுரை வீட்டில் இருந்துவிடும். இதை அவ்வளவு முதிர்ந்த அறிஞர் உணர்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பக்கங்களில் நிபந்தனைகளைச் சொன்னவர், பின்வரும் பக்கங்களில் 'இரண்டு சிக்மா' என்பதைச் சீனி, உப்பு போல ஓர் அளவுப் பொருளாகவே கையாளுகிறார். எந்தெந்த முறைகளைக் கூட்டினால் இரண்டு வரும் என்று தேடுகிறார். ஒரே நோக்குடைய இரு முறைகளின் பயன்கள் அப்படியே கூடிவிடா என்று எச்சரித்தாலும், அட்டவணை படிப்பவனின் கை தானாகக் கூட்டத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்தப் பின்பக்கங்களில்தான் எங்கள் ஐந்து சனிக்கிழமைகளின் பலனும் காத்திருந்தது. லெய்டன் என்பவரின் ஆய்வைப் புளூம் எடுத்துக்காட்டுகிறார். உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் கட்ட இயற்கணிதமும் பிரெஞ்சு மொழியும் தொடங்குமுன், முதற்கட்டத்தில் எதை மறந்துவிட்டார்கள் என்று சோதித்து, அதை முதலில் கற்பித்தார்கள். அதற்கு மட்டும் 0.7, முழுத்தேர்ச்சி முறையோடு சேர்த்தபோது 1.6. இதற்குத் தனி ஆசிரியரும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் நாம் எல்லாரும் புதுப் பாடநூலின் முதற்பக்கத்தைத் திறக்க அவசரப்படுகிறோம். சென்ற ஆண்டுப் பாடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

அதற்கு அடுத்து ஒரு பெயர் வந்தது. நோர்டின். படித்துக்கொண்டிருந்த ஆசிரியை சற்றே நிறுத்தி, "ஐயா, இவர் நம் நாட்டவரோ?" என்றார். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் புரட்டினோம். 1979இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு ஒன்று. அடுத்ததாக 1980இல் வெளிவந்த ஆய்வுரை. மலேசியாவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஒரு சோதனை பற்றியது என்று அதன் தலைப்பே சொல்கிறது! அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. மூன்று பேரும் தத்தம் ஆய்வேட்டில் புளூமின் பெயரை எழுதியவர்கள். நம் நாட்டுக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளின் உழைப்பு அந்தப் பெயருக்குள் அடங்கியிருந்ததை ஒருவரும் அறியவில்லை. அறியாதவர் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளாகப் புளூம் பெயரைச் சொல்லி வருபவன் நான்.

நோர்டின் செய்தது தனிப்போதனை அன்று. வகுப்பாசிரியர்களை அடிக்கடி சந்தித்து, பாடத்தை இன்னும் தெளிவாக விளக்குவது எப்படி, பிள்ளைகளை வாய் திறக்கச் செய்வது எப்படி என்று பேசினார். வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். எங்கே இன்னும் சீர்ப்பட வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் காட்டினார். வேறு பார்வையாளர்களைக் கொண்டும் குறித்தார். எந்த விளக்கம் புரியவில்லை, எவ்வளவு பங்கெடுத்தோம் என்று பிள்ளைகளையே குறிக்கச் செய்தார். அதன் பயன் ஒரு சிக்மாவுக்கு மேல் என்று புளூம் எழுதுகிறார். மற்ற எண்களை ஐயத்தோடு பார்த்ததுபோல் இதையும் பார்க்க வேண்டும். ஆனால் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைக்குத் தனிப்போதனை தர முடியாத இடத்தில் ஆசிரியருக்குத் தனிப்போதனை தந்திருக்கிறார்கள். தலைமையாசிரியன் வகுப்புக்குள் போய் உட்காருவது குறை கண்டுபிடித்துப் படிவம் நிரப்புவதற்கு என்றாகிவிட்ட நாளில், அதற்கு வேறொரு பயனும் உண்டு என்பதை இவ்வாய்வு நினைவூட்டியது.

டியூஷன் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்களில் பெற்றோர் பணம் கட்டி அனுப்பும் டியூஷன் வகுப்புகள் பலவற்றில் ஓர் அறையில் 25, 30 பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்னால் ஒருவர் நின்று பயிற்சித்தாளின் விடைகளைச் சொல்கிறார். யார் எங்கே பிழைத்தான் என்று பார்ப்பதில்லை, மறுசோதனை இல்லை. புளூமின் சொற்களில் இது மூன்றாம் பிரிவன்று. முதற்பிரிவேதான், பள்ளியில் காலையில் இலவசமாகக் கிடைத்தது மாலையில் வெள்ளிக்கு விற்கப்படுகிறது. அதன் விளம்பரத்தில் இரண்டு சிக்மா ஆய்வைக் காட்டினால் அதைவிட அநியாயம் வேறில்லை. இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்து, பிழையைப் பிழையாகப் பார்த்துத் திருத்தும் நல்ல டியூஷன் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்கள் பால் என் பேனா திரும்பவில்லை.

என் சனிக்கிழமைக் குழுவிலும் இந்தச் சோதனை வந்தது. ஆய்வேடு முடியும் தறுவாயில், "இந்தப் பத்தியை மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா, நாள் நெருங்கிவிட்டது" என்று ஒருவர் கேட்டார். எழுதிக் கொடுப்பது எனக்கு அரைமணி வேலை. அவர் எழுதித் திருத்தி மீண்டும் எழுதுவது மூன்று வார வேலை. நான் மறுத்ததில் அவருக்கு வருத்தம்தான். ஆய்வுக்கட்டுரை எழுதக் கற்பிப்பவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டால், அங்கே நடப்பது போதனையும் அன்று. அடுத்த அதிகாரத்துக்கு அவர் என்னைத் தேடித்தான் வருவார். பிழைக்குக் கீழே கோடு போடுவேன், காரணம் கேட்பேன், மறுபடி எழுதச் சொல்வேன். இடைச்சோதனையும் குறைநீக்கலும் பெரியவர்களுக்கும் பொருந்தும்போலும்.

அந்த முதல் வாக்கியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நான்கு முறை திருத்தியபின் அந்த ஆசிரியை எழுதியது இது: "மூன்று வாரப் பாடத்தில், இடைச்சோதனையும் குறைநீக்கலும் சேர்ந்த தனிப்போதனை பெற்ற குழுவின் சராசரி, வழக்கமான வகுப்பின் சராசரியைவிட ஏறத்தாழ இரண்டு திட்டவிலக்கம் உயர்ந்திருந்ததாகப் புளூம் 1984இல், தம் மாணவர் இருவரின் ஆய்வுகளைக் கொண்டு கூறினார், பிற்காலத் தொகுப்பாய்வுகள் தனிப்போதனைக்கு இதனினும் சிறிய பயனையே கண்டுள்ளன." மிக நீளமாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். இரண்டாக உடைக்கலாம் என்றேன். நோர்டினின் 1980ஆம் ஆண்டு ஆய்வுரை எந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும் என்று விசாரித்து வருகிறார். கிடைத்தால் அடுத்த ஐந்து சனிக்கிழமைகள் அதற்கு.